தீ ஓரிடம், பழி ஓரிடம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அரசாங்கத்துக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பேரருவிக்குப் போகிற வழியில், துண்டுக்குள் நீங்கள் சுருட்டி வைத்திருக்கும் ஒரு ரூபாய் ஷாம்புப் பாக்கெட்டைக்கூட அது கண்டுபிடித்துவிடும். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் போட்ட உத்தரவு நல்ல உத்தரவு. சிற்றாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறவர்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஷாம்புப் பாக்கெட்டைக் கண்டுபிடிக்கிற அதே கண், நாலு எட்டு தள்ளி, ஓலைக்கும் நீலத் தார்ப்பாய்க்கும் கீழே, பஜ்ஜி அடுப்பை ஒட்டி நிற்கிற 19 கிலோ சிலிண்டரைப் பார்ப்பதில்லை. ஷாம்பு நுரைக்கும், நுரை கண்ணுக்குத் தெரியும். சிலிண்டர் பாவம், வெடிக்கிற வரைக்கும் சும்மாதானே நிற்கிறது? வெடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொண்டோம். 2023 ஆகஸ்டில், சீசன் கூட்டம் நிறைந்திருந்த பட்டப்பகலில், குற்றாலநாதர் கோயிலை ஒட்டிப் போட்டிருந்த தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்தது. ஒரு கடையில் பிடித்த தீ அடுத்த கடையிடம் அனுமதி கேட்கவில்லை. வரிசையாக எரிந்தன. உள்ளே இருந்த சிலிண்டர்கள் வெடித்தன. குளிக்க வந்த சனம் ஈரத்துணியோடு ஓடியது. தண்ணீரைப் பார்க்கவென்றே ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வருகிற இடம் அது. மேலே மலை முழுக்கத் தண்ணீர், கீழே கடை முழுக்கத் தீ. நடுவில் பொம்மை, துண்டு, நேந்திரம் சிப்ஸ், அல்வா என்று வட்டிக்கு வாங்கிப் போட்ட முதல் சாம்பலாகிக் கிடந்தது.

மறுநாள், ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்து 9 பேர் செத்தார்கள். லக்னோவில் இருந்து வந்த பெட்டி அது. விதியை மீறி உள்ளே சிலிண்டர் வைத்துச் சமைத்ததுதான் காரணம் என்றார்கள். அத்தனை ஸ்டேஷன் தாண்டி அத்தனை தூரம் வந்த சிலிண்டரை ஒருவரும் பார்க்கவில்லை. பிளாட்பார டிக்கெட் இல்லாத பாட்டியைப் பிடிக்கிற ரயில்வே அது.

தென்காசிக்காரர்களாகிய நமக்கு இதெல்லாம் புதிதல்ல. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததை நாடே பார்த்தது. நாயக்கர் காலத்துக் கல் மண்டபம். கல் எரியுமா என்று கேட்கலாம். கல் எரியாது. கல்லுக்கு நடுவே வளையலும் பிளாஸ்டிக்கும் பொம்மையும் அடைத்த கடைகள் எரியும், அந்தச் சூட்டில் கல் வெடித்துக் கூரை விழும். விழுந்தது. அதற்குப் பிறகு கோயில்களுக்குள் இருக்கிற கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவுகள் வந்தன, கூட்டங்கள் நடந்தன, புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. ஐந்து வருடம் கழித்துக் குற்றாலத்தில் கோயிலுக்கு உள்ளே எரியவில்லை, கோயிலை ஒட்டி எரிந்தது. இதைத்தான் நம் நிர்வாக மொழியில் முன்னேற்றம் என்கிறோம்.

சிலிண்டரையாவது மன்னிக்கலாம். அது ஒளிந்து நிற்பதில்லை. நீலமோ சிவப்போ பூசிக்கொண்டு, ‘நான்தான் சிலிண்டர்’ என்று நிற்கிறது. கசிந்தால் அழுகின முட்டைக்கோசு நாற்றம் அடித்து ஊரைக் கூட்டுகிறது. சிலிண்டர் வேஷமே கட்டாத சிலிண்டர் ஒன்று உண்டு. தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அது தூங்குகிறது. கம்பெனிக்காரர்கள் அதற்குப் பாடி ஸ்ப்ரே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரூம் ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே, கொசு ஸ்ப்ரே, பெயிண்ட் ஸ்ப்ரே, பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் முகத்தில் அடிக்கிற ஸ்னோ ஸ்ப்ரே என்று பங்காளிகள் ஏராளம்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு சேதி அச்சடித்திருக்கும். இது அழுத்தத்தில் உள்ள கலன், வெயிலில் வைக்காதே, 50 டிகிரிக்கு மேல் சூடேற விடாதே, காலியானாலும் துளை போடாதே, நெருப்பில் எறியாதே. சுமை தூக்குகிற அண்ணனுக்குத் தமிழ் தெரியும், கம்பெனிக்கு அது தெரியாது. விளம்பரத்துக்கு மட்டும் தமிழ் தெரியும். அதில் ஒரு பையன் அக்குளில் அடித்துக்கொள்வான், நாலு பெண்கள் ஓடி வருவார்கள். அதே புட்டி இருபதாயிரம் ஓரிடத்தில் சேர்ந்து சூடானால் ஓடி வர வேண்டியது தீயணைப்பு வண்டி என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

உள்ளே என்ன இருக்கிறது? வாசனைச் சாராயம் கொஞ்சம், அதை வெளியே தள்ள வாயு கொஞ்சம். அந்த வாயு பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன். அதாவது உங்கள் அடுப்பில் எரிகிற அதே சாமான். ஒரு காலத்தில் இந்தப் புட்டிகளில் எரியாத வாயுதான் இருந்தது. அது ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரிந்ததும் அமெரிக்கா 1978இல் ஸ்ப்ரேக்களில் அதைத் தடை செய்தது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்து மற்ற நாடுகளும் வழிக்கு வந்தன. வானத்தைக் காப்பாற்றிய நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் எரியாததை எடுத்துவிட்டு எரிவதை உள்ளே வைத்தால், வைக்கிற இடத்தையும் மாற்ற வேண்டும் என்று நம் ஊர்க் கிட்டங்கிகளுக்கு யாரும் கடிதம் போடவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சமையல் வாயுவுக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்கிற நாற்றச் சரக்கை வேண்டுமென்றே கலக்கிறார்கள். ஸ்ப்ரே புட்டியில் அதைக் கலக்க முடியுமா? மல்லிகை வாசம் விற்கிறவன் அழுகின முட்டைக்கோசு விற்பானா? ஆகவே நாற்றமில்லாமல் சுத்தம் செய்த வாயுவைத்தான் நிரப்புகிறார்கள். நாலு பெட்டி நசுங்கிப் புட்டிகள் கசிந்தால் கிட்டங்கி மணக்கும். லோடுமேன் மூச்சை நன்றாக இழுத்து விட்டு, ‘அருமையா இருக்குல்லா’ என்பார். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தரையாக, படிக்கட்டு இறங்கி, சாக்கடைக்குள் புகுந்து, எங்கேயாவது ஒரு பீடிக்காகக் காத்துக் கிடக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு புட்டியில் 50 கிராம் வாயு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 20,000 புட்டிகளில் ஒரு டன். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, ஆக எழுபது சிலிண்டர். சமையல் வாயுச் சிலிண்டர்களை 100 கிலோவுக்கு மேல் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும், வரைபடம் காட்ட வேண்டும், சுற்றிலும் இத்தனை அடி காலி இடம் விட வேண்டும். அதே வாயு சின்னச் சின்னப் புட்டிக்குள் புகுந்து, மேலே ஒரு தொப்பி போட்டுக்கொண்டு லாரி ஏறினால், சரக்குச் சீட்டில் அதன் பெயர் ‘அழகுசாதனப் பொருள்’. எழுபது சிலிண்டரைக் கடைவீதியில் அடுக்கினால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். எழுபது சிலிண்டர் அழகுசாதனப் பொருளை அடுக்கினால் ஸ்கீமில் ஸ்டாக்கிஸ்ட்டுக்குத் தாய்லாந்து டூர் கிடைக்கும்.

நம்மூர் அண்ணாச்சி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். கெட்டவரும் இல்லை. கோயில் கொடைக்கு முதல் ரசீது அவருடையதுதான். நீளமான தகரக் கொட்டகை, முன்னால் ஒரு ஷட்டர், பின்னால் ஒரு கதவு. பின்கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு. முன்பக்கம் பிஸ்கட், நடுவில் சமையல் எண்ணெய் டின், அதன்மேல் ஸ்ப்ரே பெட்டிகள், கூரைவரை. மேல்வரிசைப் பெட்டிக்கும் ட்யூப் லைட்டுக்கும் நடுவில் ஒரு சாண். ஒரு மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி. அதன் பக்கத்தில் சாமி படம், அணையாத ஊதுபத்தி.

“அண்ணாச்சி, இந்தப் பெட்டிகளைத் தனியா வைக்கக் கூடாதா?”

“தனியா வைக்க இன்னொரு இடத்துக்கு வாடகை நீரு குடுப்பீரா வே?”

“பின்கதவை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?”

“திருட்டுப் பயம்லா.”

“உள்ளே ஆள் வேலை பார்க்கும்போதுமா?”

“அப்பந்தான வே திருட்டுப் போவும்.”

“தீப்பிடிச்சா?”

“பதினஞ்சு வருசமா இங்கதான் கெடக்கு. ஒண்ணும் ஆகலல்லா? எல்லாம் குற்றாலநாதன் பாத்துக்கிடுவான்.”

குற்றாலநாதன் தன் வாசலில் எரிந்ததையே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்மேல் இன்னும் பாரம் ஏற்றுவது நியாயமில்லை.

அண்ணாச்சி கொட்டகையில் ஒரு தீயணைப்புக் கருவி உண்டு, இல்லையென்று சொன்னால் பாவம். கல்லாவுக்குப் பக்கத்தில், எரியப்போவது கல்லாதான் என்கிற நம்பிக்கையில், ஆணியில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. குழாயின் வாயில் போன வருடச் சந்தனம் காய்ந்து அடைத்திருக்கிறது. அழுத்தம் காட்டுகிற முள் பச்சையை விட்டு இறங்கிச் சிவப்பில் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சீட்டு. சோதித்த தேதி, அடுத்த சோதனைத் தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. கருவியைத் தொட்டுப் பார்க்காமலே சீட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற தொழில் ஒன்று நாட்டில் நடக்கிறது. அதிகாரி வந்தால் சீட்டைப் படிப்பார், தீ வந்தால் சீட்டைப் படிக்காது. அதிகாரிக்கும் தீக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பேரில் அண்ணாச்சி பயப்படுவது அதிகாரிக்கு.

இந்தப் புட்டிகள் எரிந்தால் எப்படி இருக்கும் என்று உலகம் நாற்பது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. 1982 ஜூன் 21, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கே-மார்ட் நிறுவனத்தின் கிட்டங்கி. 12 லட்சம் சதுர அடி. நம்மூர்த் தகரக் கொட்டகை இல்லை. கூரையெல்லாம் தானாகத் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள், நடுவில் தீ தாண்டாத சுவர்கள், சுவருக்குக் கதவுகள், எல்லாம் இருந்தது. கார்புரேட்டர் துடைக்கிற ஸ்ப்ரே பெட்டி ஒன்று மேலிருந்து விழுந்தது. ஒரு பெட்டி! புட்டி உடைந்து வாயு கசிந்து பற்றிக்கொண்டது. சூட்டில் அடுத்த புட்டிகள் வெடித்தன. வெடித்தவை வாலில் தீயோடு கிட்டங்கி முழுக்கப் பறந்தன. எங்கே விழுந்ததோ அங்கே புதுத் தீ. தீச்சுவரில் இருந்த திறப்புகள் வழியாக அடுத்த பகுதிக்கும் போயின. தண்ணீர்க் குழாய்கள் தோற்றன. 12 லட்சம் சதுர அடியும் போயிற்று.

அந்தச் சாம்பலில் இருந்து அமெரிக்கர்கள் ஒரு புத்தகமே எழுதினார்கள். ஸ்ப்ரே புட்டிகளை எரியும்போது கிளப்புகிற சூட்டைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். எந்த வகையை எவ்வளவு உயரம் அடுக்கலாம், எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பறக்கிற புட்டி வெளியே போகாதபடி தரையில் இருந்து கூரைவரை கம்பிவலைக் கூண்டு கட்டி அதற்குள் வை என்றார்கள். எண்ணெய், பெயிண்ட் மாதிரி எரிகிற திரவங்களைப் பக்கத்தில் வைக்காதே, நிலவறையில் வைக்காதே, நசுங்கின புட்டியை அன்றே வெளியே எடு என்றார்கள். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை, ராக்கெட் மட்டும்தான் உண்டு. கம்பிவலை நம்மூரில் கோழிக்கூண்டுக்குக் கட்டுகிறோம். கோழி பறந்துவிடும் என்கிற கவலை இருக்கிறது. புட்டி பறக்கும் என்றால் சிரிக்கிறோம்.

தீ அணைந்தபிறகு நடக்கிற நாடகம் நமக்கு மனப்பாடம். முதல் காட்சியில் அமைச்சர், இரண்டாம் காட்சியில் ஆட்சியர், மூன்றாம் காட்சியில் நிவாரணம், நான்காம் காட்சியில் தீர்ப்பு: ‘மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.’ கூண்டில் ஏறாமலே இந்த நாட்டில் அதிகம் தண்டிக்கப்பட்ட குற்றவாளி இந்த மின்கசிவுதான். அதற்கு வக்கீல் கிடையாது, சாதி கிடையாது, கட்சி கிடையாது, தேர்தலில் ஓட்டு கிடையாது. அது மேல்முறையீடு செய்யாது. வயர் கசிந்ததாகவே இருக்கட்டும். வயருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் பெட்டியை அடுக்கியது யார்? ஒரே இணைப்பில் நாற்பது கடைக்கு விளக்குப் போடவிட்டது யார்? பின்கதவைப் பூட்டியது யார்? பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, ‘அனைத்தும் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? மின்சாரத்துக்குக் கையில்லை. கையெழுத்துப் போட்டவருக்கு இருக்கிறது.

மின்கசிவு மேல் பழிபோட முடியாத இடத்தில் பட்டிமன்றம் வைத்துவிடுவோம். 2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டை. பட்டாசுக் கிட்டங்கி வெடித்து 9 பேர் செத்தார்கள். உடனே ஆரம்பித்தது வழக்காடு மன்றம். வெடித்தது பட்டாசா, பக்கத்து ஓட்டல் சிலிண்டரா? ஆளும் தரப்பு ஒரு பக்கம், எதிர்த்தரப்பு ஒரு பக்கம், ஆய்வறிக்கை ஒரு பக்கம். பட்டாசாக இருந்தாலும் சிலிண்டராக இருந்தாலும், ஓட்டலும் பட்டாசுக் கிட்டங்கியும் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார அனுமதித்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு அணியிலும் பேச்சாளர் இல்லை. அதே வருடம் அக்டோபர் 7, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி. தீபாவளிச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது பட்டாசுக் கிட்டங்கி எரிந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள், தீபாவளி நாலு வாரத்தில் நாலு காசு பார்க்கலாம் என்று போனவர்கள். உள்ளே போக ஒரு வழி இருந்தது. வெளியே வர அதுவும் இல்லை.

எப்போதாவது பாடம் படித்தோமா என்றால், ஒரு தடவை படித்தோம். 2004 ஜூலை 16, கும்பகோணம். மதிய உணவு அடுப்பில் இருந்து கூரைக்குத் தாவின தீயில் 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக்கூரை போயிற்று. 94 பிள்ளைகள் கொடுத்து ஒரே ஒரு விதி வாங்கினோம். அதையும் எவ்வளவு சிக்கனமாக வாங்கியிருக்கிறோம் பாருங்கள். ‘பள்ளிக்கூடத்தில் ஓலை கூடாது’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அடுப்புக்கு மேல் ஓலை கூடாது, கூட்டத்துக்கு நடுவில் அடுப்பு கூடாது, ஆள் இருக்கிற இடத்தில் ஒரே வழி கூடாது என்பதெல்லாம் வேறு வேறு பாடங்கள் போலிருக்கிறது. அவற்றுக்குத் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் எந்த நாணயத்தில் என்று உங்களுக்குத் தெரியும்.

கட்டுவது யார் என்பதிலும் குழப்பமே இல்லை. கிட்டங்கி எரிந்தால் அண்ணாச்சிக்குச் சரக்கு போகும், காப்பீடு வரும். கம்பெனிக்கு ஒரு மாதக் கணக்கில் ஒரு வரி குறையும். அதிகாரிக்கு மாறுதல் வரும், பக்கத்து மாவட்டத்துக்கு. பின்கதவுப் பூட்டைத் தட்டித் தட்டிக் கை புண்ணாகி உள்ளேயே விழுகிறவன் லோடுமேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவன். செத்தபிறகுதான் அவன் பெயரே சர்க்காருக்குத் தெரிகிறது. அதுவும் நிவாரணக் காசோலையில் எழுத வேண்டியிருப்பதால். உயிரோடு இருக்கையில் அவனுக்கு ஒரு வழி கேட்டால் திருட்டுப் பயம். செத்த பிறகு அவன் வீட்டுக்குப் போக அத்தனை கார்களுக்கும் வழி கிடைத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எதற்கும் உலக வங்கிக் கடன் தேவையில்லை. ஸ்ப்ரே பெட்டிகளைத் தனி இடத்தில், கம்பிவலைக்குள், எண்ணெய் டின்னில் இருந்து விலக்கி வையுங்கள். தகரக் கூரையின் சூடு தாக்காத உயரத்தோடு அடுக்கை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் மேல்வரிசைப் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். காற்றோட்டத்துக்குத் தரையை ஒட்டித் திறப்பு விடுங்கள், அந்த வாயு கீழேதான் கிடக்கும். இன்வெர்ட்டரையும் ஊதுபத்தியையும் வெளியே கொண்டுபோங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். பூட்டை முன்கதவுக்கு மாற்றிவிட்டு, பின்கதவுக்கு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். வருடத்துக்கு ஒரு நாள் தீயணைப்புக் கருவியை எடுத்து நிஜமாக ஒரு நெருப்பின் மீது அடித்துப் பாருங்கள். அதுதான் அதற்கு ஆயுத பூஜை. கடைசியாக, இருபதாயிரம் புட்டி அனுப்புகிற கம்பெனிக்காரர் ஒரு கிட்டங்கிக்கு ஒரு கம்பிவலை வாங்கித் தரட்டும். விளம்பரத்தில் ஓடி வந்த அந்த நாலு பெண்களில் ஒருவரின் சம்பளத்தில் தென்காசி மாவட்டம் முழுக்கக் கட்டிவிடலாம்.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் வந்தார், கண்காணிப்பாளர் வந்தார், துறைதோறும் மாவட்ட அலுவலர்கள் வந்தார்கள். நெல்லைக்கு அலைந்து கேட்க வேண்டியதை இனி உள்ளூரிலேயே கேட்கலாம் என்றார்கள். வாருங்கள், கேட்போம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள் போதும். தென்காசி நகராட்சிக்கும், குற்றாலம் பேரூராட்சிக்கும், தீயணைப்புத் துறைக்கும், கோயில் கடைகளை ஏலம் விடுகிற அறநிலையத் துறைக்கும் மூன்றே கேள்விகள். எங்கள் தெருவில் உள்ள கிட்டங்கிகளில் எத்தனைக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறது? கடைசியாக நேரில் போய்ப் பார்த்த தேதி என்ன? பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட அலுவலரின் பதவி என்ன? குற்றாலத்துக்குக் கேட்கும்போது நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் கடைகளை ஏலம் விடும்போது, ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே எத்தனை அடி விடச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள்?

முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தால் தெருவில் ஒட்டுங்கள். வராவிட்டால், அனுப்பின ரசீதைத் தேதியோடு பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த தீக்குப் பிறகு, ‘மின்கசிவே காரணம்’ என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவர் முகத்துக்கு நேரே அதைக் காட்டுங்கள்.